ஆயாவுக்கு: உங்கள் கொல்லையிலிருந்து எடுத்தவற்றின் கணக்கு

அன்புள்ள ஆயாவுக்கு,

இதை உங்கள் பேரன் கைப்பேசியில் வாசித்துக் காட்டுவான். நேரில் நான் சொன்னதில் பாதிதான் உங்கள் காதுக்கு எட்டியது. மீதியை என் மகள் கைச்சாடையில் சொன்னாள். நீங்கள் வேறெதையோ புரிந்துகொண்டு சிரித்தீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். வீட்டை இடிக்க ஆட்கள் வருவதற்குள் கேட்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது.

முதலில் கணக்கு. மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் மண்ணுக்குள் உலோகம் தேடும் கருவியை வைத்து உங்கள் கொல்லையிலிருந்து எடுத்தவை: கூரையில் இருந்து உதிர்ந்த ஆணிகள் அரைப்படி, சோடா மூடிகள் பதினொன்று, கைப்பிடி இல்லாத பித்தளைக் கரண்டி ஒன்று, அறுகோண வடிவில் மூன்று பைசா அலுமினியக் காசு இரண்டு, பித்தளைப் பொத்தான் ஏழு. பொத்தான்களைப் பார்த்து என் மகள் வியந்தாள். இதில் வியக்க என்ன இருக்கிறது? கிழக்கிந்தியக் கம்பெனியின் துணிகளை வெளுத்தவர்கள் குடியிருந்ததால்தான் இந்த இடத்துக்கு வண்ணாரப்பேட்டை என்றே பெயர். இங்கே பொத்தான் கிடைக்காவிட்டால்தான் கேட்க வேண்டும்.

ஆறாவதாக ஒன்றும் உண்டு. அதை உங்களிடம் நாங்கள் காட்டவில்லை. செவ்வாய்க்கிழமை இரவு கணக்குப் பாடம் செய்யும்போது மகளின் ஜியாமெட்ரி பெட்டியில் பார்த்தேன்: 1944 என்று போட்ட ஓட்டைக் காலணா. போர்க் காலத்தில் செம்பை மிச்சம் பிடிக்க நடுவில் துளை போட்டு அடித்த காசு. அறுபத்து நான்கு சேர்ந்தால்தான் ஒரு ரூபாய். "ஓட்டைதானே, யாருக்கும் வேண்டாம் என்று நினைத்தேன்" என்றாள். ஓட்டைக் காலணாவுக்குப் பெறாதவன் என்று என் அப்பா என்னைத் திட்டியதுண்டு; அந்தக் காசை முதன்முதலில் கையில் பிடித்தது அன்றுதான். அவளே கொண்டுவந்து உங்கள் கையில் தருவாள். நீங்கள் திரும்ப அவளுக்கே கொடுத்துவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். கொஞ்ச நேரமாவது வைத்திருந்து கொடுங்கள்.

இனி மூக்குத்தி. கல்யாணமாகி வந்த ஆண்டே துவைக்கிற கல்லடியில் கழன்று விழுந்தது, தாய்வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டாய் என்று மாமியார் சாகும்வரை சொன்னார் என்பதெல்லாம் நீங்கள் தெருவுக்கே சொல்லும் கதை. நான் எழுதுவதால் ரகசியம் எதுவும் வெளியாகிவிடாது. "அந்த மிஷின் பொன்னைக் காட்டுமா காட்டாதா?" என்று ஒவ்வொரு வாரமும் கேட்டீர்கள். காட்டும் என்று நான் தலையாட்டியது பாதிப் பொய்.

கருவியின் அடியில் இருக்கும் வட்டம் மண்ணுக்குள் காந்தப் புலத்தைச் செலுத்துகிறது. அது உலோகத்தில் பட்டால் அதற்குள் சிறு மின்னோட்டம் கிளம்பும். அந்த மின்னோட்டம் எழுப்பும் பதில்தான் நமக்குச் சத்தமாகக் கேட்கிறது. பொருள் சிறியதானால் பதிலும் சிறியது. இரும்புக்குக் கரகரப்பான கீழ்க்குரல்; அதற்கு என் மகள் வைத்திருக்கும் பெயர் தவளை. செம்புக் காசுக்கு உயர்ந்த குரல், அது குயில். மூக்குத்தியளவு தங்கமோ தவளையும் அல்ல, குயிலும் அல்ல. பாக்குப் பொட்டலத்தின் ஜிகினாத் தாள் எந்தக் குரலில் பேசுகிறதோ அதே குரலில்தான் பேசும். குப்பை என்று அந்தக் குரலை ஒதுக்கினால் பொன்னையும் ஒதுக்கியதாகிவிடும். அதனால்தான் மூன்று வாரமும் உங்கள் கொல்லையின் ஜிகினாத் தாள் அத்தனையையும் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தோம். பார்த்தவர்கள் மாநகராட்சி வேலை என்று நினைத்திருப்பார்கள்.

சோதித்தும் பார்த்தோம். என் மனைவியின் மூக்குத்தியை (கெஞ்சித்தான் வாங்கினேன்) ஒரு வாளி மணலில் புதைத்தோம். இரண்டு விரல் ஆழத்தில் மெல்லக் கூவியது. நான்கு விரல் ஆழத்தில் ஒன்றுமில்லை. பக்கத்தில் ஓர் ஆணியைப் போட்டதும் இரண்டு விரல் ஆழத்திலும் தவளைதான் கத்தியது. உங்கள் துவைக்கிற கல்லைச் சுற்றி எத்தனை ஆணி, எத்தனை வருடத்து மண்! கருவியை மட்டும் நம்பினால் அது கிடைக்காது.

எதிர்வீட்டுக்காரர் போலீஸ் வரும் என்று உங்களைப் பயமுறுத்தினாராம். அவர் சொன்னது முழுக்கத் தவறு என்று சொல்லமாட்டேன். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டத்தில், மண்ணில் மறைந்து கிடக்கும் மதிப்புள்ள எதுவும் புதையல்தான். மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். அன்றைய பத்து ரூபாய் பெரிய தொகை. பழைய நகரச் சுவர் மிச்சமிருக்கும் பக்கம் நான் கருவியோடு போவதே இல்லை. அது பாதுகாக்கப்பட்ட சின்னம், அங்கே ஒரு கரண்டி மண்ணைக் கிளறுவதும் தப்பு. ஆனால் உங்கள் மூக்குத்தி யாரோ புதைத்த புதையல் இல்லை. தொலைத்தவர் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கிறார்.

என் மகளுக்கு வேறொரு ஆசையும் இருந்தது: கம்பெனிக் காசு. தங்கசாலைத் தெரு பக்கத்தில்தானே, இங்கே ஒன்றாவது இருக்காதா என்று நச்சரித்தாள். அவளுக்கு ஒரு கப்பலின் கதையைச் சொன்னேன். அட்மிரல் கார்ட்னர் என்று பெயர். மதராசுக்கென்று இங்கிலாந்தில் அடித்த செம்புக் காசுகளை ஏற்றிக்கொண்டு கிளம்பி, 1809இல் அந்த நாட்டுக் கரையைத் தாண்டுவதற்குள்ளேயே குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. இங்கே வெற்றிலைக்கும் உப்புக்கும் புழங்கியிருக்க வேண்டிய காசு 1980களில் முக்குளிப்பவர்கள் வரும்வரை அந்தக் கடலடியிலேயே கிடந்தது. அந்தப் பத்துக்காசையும் இருபதுக்காசையும் சேகரிப்பவர்கள் இன்று விலை கொடுத்து வாங்குகிறார்கள். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "கடலுக்கடியில் போய் எடுத்தார்கள். நாம் ஒரு கல்லைப் புரட்டக் கூடாதா, அப்பா?" என்றாள்.

அதைத்தான் கேட்க வந்தேன், ஆயா. துவைக்கிற கல்லை நகர்த்த அனுமதி வேண்டும். பொற்கொல்லர் பட்டறைத் தெருக்களில் சாக்கடை மண்ணை அரித்துப் பொன் எடுக்கிறார்களே, அதே முறைதான். கல்லுக்கு அடியிலும் தண்ணீர் ஓடிய பக்கமும் ஒரு முழ ஆழத்துக்கு மண்ணை அள்ளி, முதலில் பெரிய சல்லடையிலும் பிறகு மாவுச் சல்லடையிலும் தண்ணீர் விட்டு அரிக்கப்போகிறோம். கருவி கடைசியில்தான், சலித்த மண்ணை மெலிதாகப் பரப்பிய பிறகு. கல்லைப் புரட்ட நான்கு பேர் வேண்டும். துறைமுகத்தில் வேலை பார்க்கும் என் நண்பர்கள் மூவர் வருகிறார்கள். காபி, டிபன் எதுவும் வேண்டாம். போன முறை இட்லியை எண்ணி முடிப்பதற்குள் மழை வந்துவிட்டது.

வரும் ஞாயிறு காலை ஆறரைக்கு வருகிறோம். நீங்கள் அரிக்க வேண்டாம், குனியவும் வேண்டாம். அன்று எந்தப் பக்கம் நின்று துவைத்தீர்கள், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது என்று மட்டும் கைத்தடியால் காட்டினால் போதும்.

இப்படிக்கு,
மிஷின்காரன், கூடவே மகள்