பேத்தியின் பாத்தியும் அதன் கணக்கு நோட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க விவசாயம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை அயோவா மாநிலத்தில், மகள் வீட்டில் இருந்தபடி படித்தேன். ராட்சத இயந்திரங்கள், ஆயிரக்கணக்கான ஏக்கரில் ஒரே பயிர் என்று எழுதியிருந்தது எல்லாம் சரிதான். ஊர் எல்லையைத் தாண்டினால் எனக்கும் அதுதான் தெரிகிறது. கண்ணுக்கு எட்டிய வரை மக்காச்சோளம், அதை விட்டால் சோயா. ஆனால் அங்குள்ள பிள்ளைகளுக்கு மண்ணோடு ஒட்டே கிடையாது என்று கட்டுரை முடிந்ததை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. டெல்டாவில் முப்பத்து மூன்று ஆண்டுகள் வேளாண் விரிவாக்க வேலை, அதாவது புது முறைகளை விவசாயிகளிடம் கொண்டு சேர்க்கும் வேலை, பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். மே மாதத்திலிருந்து இங்கே பார்த்ததைச் சொல்லாமல் இருந்தால் தவறாகிவிடும்.

மகள் குடும்பம் இருப்பது ஒரு கிராமப்புறக் கவுண்டி. கவுண்டி என்றால் பெரிய மாவட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். மக்கள்தொகையில் நம் தாலுகாவை விடச் சிறியது. பதினொரு வயதுப் பேத்தி இங்கே 4-எச் என்ற பிள்ளைகள் க்ளப்பில் இருக்கிறாள். தலை, இதயம், கை, ஆரோக்கியம் என்ற நான்கும் ஆங்கிலத்தில் எச் எழுத்தில் தொடங்குவதால் அந்தப் பெயர். குளோவர் என்ற தீவனச் செடியின் நான்கு இலைப் பச்சைக் கொத்துதான் சின்னம். ஒரு தேவாலயத்தின் பின்புறமுள்ள சமூகத் தோட்டத்தில் அவளுக்குப் பத்தடிக்கு இருபதடி இடம் கிடைத்தது. நம் கணக்கில் அரை சென்ட்கூட இல்லை. இந்த ஊரில் மே நடுப்பகுதி வரை உறைபனி பயம் இருக்கிறது, அக்டோபரில் திரும்பவும் வந்துவிடுகிறது. இடையில் கிடைக்கும் ஐந்து மாதத்துக்குள் எல்லாம் நடக்க வேண்டும். தக்காளி, பீன்ஸ், அப்புறம் நான் கேட்டுக்கொண்டதற்காக இரண்டு வரிசை வெண்டை போட்டாள்.

களை கொத்துவதில் நான் உதவப் போனால், "தாத்தா, இது என் பிராஜெக்ட்" என்று தடுத்துவிடுவாள். கொத்தைக் கையில் தரவே மாட்டாள். ஆனால் ஒரு நோட்டு வைத்திருந்தாள். நாற்று என்ன விலை, எந்தத் தேதியில் நட்டது, எத்தனை நாளைக்கு ஒரு முறை தண்ணீர், எத்தனை காய் கிடைத்தது, என்ன கோளாறு வந்தது எல்லாம் அதில் இருந்தன. ஒரு வரி விடாமல் படித்தேன். எத்தனையோ விவசாயிகளிடம் சாகுபடிச் செலவை எழுதி வையுங்கள் என்று நான் கெஞ்சியிருக்கிறேன். எழுதியவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். அதை ஒரு சிறுமி முதல் பருவத்திலேயே செய்கிறாள்.

ஜூலைக் கடைசியில் கவுண்டிப் பொருட்காட்சி நடந்தது. அங்கே பார்த்ததைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். தக்காளியைத் தட்டில் வைத்துக்கொண்டு பேத்தி நடுவருக்கு எதிரே உட்கார்ந்தாள். அந்த அம்மா காயைக் கையில் எடுப்பதற்கு முன் பத்து நிமிடம் இவளிடம் பேசினார். எதற்காக இந்த ரகத்தைத் தேர்ந்தெடுத்தாய்? என்ன தவறு நடந்தது? அடுத்த ஆண்டு எதை மாற்றுவாய்? முதலில் காய்த்த தக்காளிகளில் அடிப்பகுதி கருகிப்போயிருந்தது. ஒரு வாரம் தண்ணீர் விடாமல் இருந்துவிட்டு, அடுத்த வாரம் மொத்தமாக விட்டதால் செடி சுண்ணாம்புச் சத்தை எடுத்துக்கொள்ள முடியவில்லை என்று நோட்டைப் புரட்டிக் காட்டிச் சொன்னாள். தட்டில் இருந்த காய்கள் ஒரே அளவாக இல்லை என்பதால் நீல ரிப்பன் கிடைக்கவில்லை, சிவப்புதான். இங்கே பிள்ளைகளை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டு முதல், இரண்டாம் பரிசு தருவதில்லை. நீலம் மிக நன்று, சிவப்பு நன்று, வெள்ளை சுமார் என்று ஒரு தரத்தை வைத்து மதிப்பிடுகிறார்கள். இருபது பேரும் நன்றாகச் செய்திருந்தால் இருபது பேருக்கும் நீலம். (அவற்றில் மிகச் சிறந்ததற்குத் தனியாக ஒரு ஊதா ரிப்பன் உண்டு.) தவறைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் இப்படி ஒரு தேர்வை நான் எந்தப் பள்ளியிலும் பார்த்ததில்லை.

இதெல்லாம் எப்படித் தொடங்கியது என்று தேடிப் படித்தேன். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் வேளாண் கல்லூரிக்காரர்கள் புது விதை, புது முறை என்று சொன்னால் விவசாயிகள் நம்பவில்லை. அதனால் பிள்ளைகளிடம் போனார்கள். 1902-ல் ஒஹாயோ மாநிலத்தின் கிளார்க் கவுண்டியில் ஏ.பி. கிரஹாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் பிள்ளைகளுக்கு ஒரு விவசாய க்ளப் தொடங்கினார். இந்த அயோவாவில் பேஜ் கவுண்டியில் ஜெஸ்ஸி ஃபீல்டு என்ற ஆசிரியை கிராமப் பள்ளிகளில் அதையே செய்தார். 1910-ல் தென் கரோலினாவில் மேரி குரோமர் என்ற ஆசிரியை பெண் பிள்ளைகளுக்குத் தக்காளி க்ளப் தொடங்கியபோது ஆளுக்குப் பத்தில் ஒரு பங்கு ஏக்கர் என்று வைத்தார். நம் பேச்சில் சொன்னால் சரியாகப் பத்து சென்ட்! அதே மாநிலத்தில் அதே ஆண்டு ஜெர்ரி மூர் என்ற பையன் ஒரே ஏக்கரில் 228 புஷலுக்கு (அங்குள்ள தானிய அளவு) மேல் மக்காச்சோளம் எடுத்தான். கிட்டத்தட்ட 5,800 கிலோ. அப்போது நாட்டின் சராசரி 30 புஷலைக்கூடத் தொடவில்லை. அதற்கு மேல் எந்த அப்பாவால் பழைய முறைதான் சரி என்று சொல்ல முடியும்?

1914-ல் ஸ்மித்-லீவர் சட்டம் வந்தது. மத்திய வேளாண் துறை, மாநிலப் பல்கலைக்கழகம், கவுண்டி மூன்றும் சேர்ந்து, இந்த க்ளப்புகளும் அடங்கிய விரிவாக்கப் பணியை நடத்துவது அப்போது உறுதியானது. அயோவாவில் 99 கவுண்டிகளிலும் இது நடக்கிறது. விரிவாக்க மன்றத்துக்கு ஒன்பது பேரை மக்களே தேர்தலில் ஓட்டுப் போட்டு அனுப்புகிறார்கள், அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. கவுண்டி மக்களின் சொத்து வரியில் ஒரு சிறு பங்கும் இதற்குப் போகிறது. தங்கள் பணத்தில் தாங்கள் அனுப்பிய ஆட்கள் நடத்தும் அலுவலகம் என்பதால் மக்கள் உரிமையோடு உள்ளே போய்க் கேள்வி கேட்கிறார்கள்.

இங்கே எல்லாமே நன்றாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. ஓராண்டு பெயர் வைத்து வளர்த்த கன்றைப் பொருட்காட்சி முடிந்ததும் இறைச்சிக்கு ஏலம் விடுகிறார்கள். ஒரு பையன் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுததை என்னால் பார்க்க முடியவில்லை. தெற்கு மாநிலங்களில் 1960-கள் வரை கறுப்பினப் பிள்ளைகளைத் தனி க்ளப்பில்தான் வைத்திருந்தார்கள். இவ்வளவு செய்தும் 2022 கணக்கெடுப்பில் அமெரிக்க விவசாயிகளின் சராசரி வயது 58.1. க்ளப்பில் சேரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் விவசாயத்துக்கு வருவதில்லை. நிலம் வாங்கும் விலை அப்படி. ஆனாலும் மருத்துவராகவோ கணக்காளராகவோ போகிற பிள்ளைக்கும் ஒரு தக்காளி தட்டுக்கு வர என்ன ஆகிறது என்று தெரிந்திருக்கிறது. அது எனக்குச் சிறிய விஷயமாகப் படவில்லை.

முப்பத்து மூன்று ஆண்டுகளில் எத்தனையோ கூட்டம் நடத்தினேன். டீக்கடையிலும் களத்து மேட்டிலும் பெரியவர்களிடம் பேசினேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டு மறுநாள் தங்கள் வழியிலேயே போனார்கள். பக்கத்தில் கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளையிடம் ஒரு நாளும் நான் பேசவில்லை. அது இப்போது உறுத்துகிறது.

நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம், 1974-ல், நம் பக்கத்துப் புதுச்சேரியில், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில்தான் தொடங்கியது. நமக்கு ஆட்களும் இருக்கிறார்கள், அறிவும் இருக்கிறது. பள்ளித் தோட்டங்கள்கூட இருக்கின்றன. ஆனால் நான் பார்த்த ஒரு கிராமப் பள்ளித் தோட்டத்தில் எந்தப் பிள்ளைக்கும் எந்தச் செடி தன்னுடையது என்று தெரியாது. எல்லோரும் தண்ணீர் ஊற்றினார்கள், மே மாத விடுமுறையில் எல்லாம் காய்ந்தது. பிள்ளைக்கென்று ஒரு பாத்தி, அதற்கென்று ஒரு நோட்டு, கடைசியில் உட்கார்ந்து கேட்க ஒரு பெரியவர். இந்த மூன்றும் இல்லாததுதான் குறை. பருவம்கூட நமக்குச் சாதகம். ஜூனில் பள்ளி திறக்கிறது, பின்னாலேயே ஆடிப்பட்டம் வருகிறது, ஆடியில் போட்ட கத்தரியும் வெண்டையும் அரையாண்டுத் தேர்வுக்கு முன் காய்த்துவிடும். பள்ளித் தலைமையாசிரியர்களும் வேளாண் நிலையங்களும் வரும் ஆடியில் ஒரே ஒரு வகுப்பிலாவது இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று உங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

அக்டோபரில் ஊர் திரும்புகிறேன். எங்கள் வீட்டுக் கொல்லையில் பன்னிரண்டு சென்ட் சும்மா கிடக்கிறது. தைப்பட்டத்தில் தெருப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு ஆளுக்கொரு சென்ட் பிரித்துக் கொடுக்கப் போகிறேன். நோட்டும் நானே வாங்கித் தருகிறேன். முதல் பறிப்பு முடிந்ததும் கணக்கை அவர்கள் கையெழுத்திலேயே உங்களுக்கு அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வேளாண் அலுவலர்,
மன்னார்குடி (தற்போது அயோவா, அமெரிக்கா)