வீடு வீடாகப் போகும் மருத்துவருக்கு உங்கள் படிவத்தில் இடம் எங்கே? தேசிய மருத்துவ ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

தேசிய மருத்துவ ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் குழந்தை மருத்துவம் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். மருத்துவ ஆசிரியர்கள் பதவி உயர்வு பெற ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்று நீங்கள் வைத்திருக்கும் விதி பற்றித்தான் இந்த மடல்.

விதியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. டாக்டர் சமிரன் நந்தியும் அவருடைய சகாக்களும் 2016இல் வெளியிட்ட கணக்கு உங்களுக்கும் தெரிந்திருக்கும். நாட்டின் 579 மருத்துவ நிறுவனங்களை எடுத்துப் பார்த்தார்கள். 2005 முதல் 2014 வரையான பத்து ஆண்டுகளில் 332 நிறுவனங்களிலிருந்து ஒரு கட்டுரைகூட வரவில்லை. இப்படி ஒரு நிலைமையில் ஆய்வைக் கட்டாயமாக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றத்தான் செய்யும். நீங்களும் செய்தீர்கள். ஆய்வு முறை பற்றிய இணையவழி அடிப்படைப் பாடத்தைக் கட்டாயமாக்கினீர்கள். எந்த வகைக் கட்டுரை செல்லும், எந்தப் பட்டியலில் உள்ள இதழ் செல்லும், கட்டுரையில் ஆசிரியர் பெயர் எந்த இடத்தில் இருக்க வேண்டும் (முதல் மூன்றுக்குள், அல்லது இதழோடு கடிதப் போக்குவரத்து வைத்திருக்கும் 'தொடர்பு ஆசிரியராக') என்றெல்லாம் வரையறுத்தீர்கள். சரி. அதனால் என்ன நடந்தது? பதவி உயர்வுக்கு ஆறு மாதம் இருக்கும்போது முதுநிலை மாணவரின் ஆய்வேட்டைத் தூசு தட்டி எடுத்து, காசு கட்டினால் உடனே போடும் இதழ் எது என்று விசாரிக்கிறார்கள். இதைக் கேள்விப்படாத துறை எதுவும் இருக்காது என்று நினைக்கிறேன்.

குழந்தைகளின் தொற்றுநோய்களை ஆராயும் வேலை எப்படி நடக்கும் என்பதற்கு வெகு தூரம் போக வேண்டாம். வேலூரிலேயே உதாரணம் இருக்கிறது. டாக்டர் ககன்தீப் காங் சிம்லாவில் பிறந்தவர். படித்தது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில். அங்கேயே நுண்ணுயிரியலில் எம்.டி., பிறகு முனைவர் பட்டம். அமெரிக்காவின் ஹூஸ்டனில் வைரஸ் ஆய்வாளர் மேரி எஸ்டெஸின் ஆய்வகத்தில் பயிற்சி பெற்றுவிட்டு வேலூருக்கே திரும்பினார். 2019இல் பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்தியாவில் பணியாற்றிக்கொண்டே அந்த இடத்துக்குப் போன முதல் இந்தியப் பெண் அவர். 2024இல் கனடாவின் கெய்ர்ட்னர் உலக சுகாதார விருதும் கிடைத்தது. விருதுகளை எல்லாரும் எழுதிவிட்டார்கள். அவற்றுக்கு அடியில் கிடக்கும் வேலையைப் பற்றித்தான் நான் பேச வேண்டும். அந்த வேலை குழந்தைகளின் மலம் சேகரிப்பது.

வேலூர் நகரின் ராம்நாயக்கன்பாளையம், சின்னல்லாபுரம், கஸ்பா ஆகிய பகுதிகள் நெருக்கமான வீடுகள் கொண்டவை. பீடி சுற்றிப் பிழைக்கும் குடும்பங்கள் அங்கே நிறைய. 2002இல் தொடங்கி, அங்கே பிறந்த குழந்தைகளைப் பெற்றோரின் சம்மதத்தோடு ஆய்வில் சேர்த்தார்கள். களப்பணியாளர்கள் வாரம் இருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் போனார்கள். குழந்தை நன்றாக இருந்தாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மல மாதிரி எடுத்தார்கள். வயிற்றுப்போக்கு வந்தால் அப்போதும் எடுத்தார்கள். இப்படியே மூன்று வருடம். இறுதிவரை 373 குழந்தைகள் இருந்தார்கள்.

இதில் எது கடினம் என்று களத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். ஆய்வகக் கருவியைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். பிரசவம் முடிந்து அம்மா வீட்டுக்குப் போன பெண்ணைத் தேடிப் பிடிப்பதும், 'எதுக்கும்மா தினம் தினம் இதைக் கேட்கிறீங்க' என்று அலுத்துக்கொள்ளும் மாமியாருக்குப் பொறுமையாகப் பதில் சொல்வதும், மூன்றாவது வருடமும் அதே வீட்டுக் கதவைத் தட்டும்போது முகம் சுளிக்காமல் திறக்க வைப்பதும் கடையில் கிடைக்காது. குடும்பம் குடிமாறிப் போனால் அந்தக் குழந்தையின் கணக்கு அதோடு நின்றுவிடும்.

அந்த மூன்று வருடத் தரவிலிருந்து, குழந்தைகளுக்குக் கடுமையான வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டாவைரஸ் பற்றிய முக்கியக் கட்டுரை நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது 2011இல். முதல் குழந்தை சேர்ந்து ஒன்பது வருடம் கழித்து. நடுவில் சிறிய கட்டுரைகள் வந்தன, மறுக்கவில்லை. ஆனால் உலகம் கவனித்த விடை ஒன்பதாவது வருடத்தில்தான் கிடைத்தது.

அந்த விடையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அதற்கு முன் நம்மிடம் இருந்தது மெக்சிகோ நகரத்தில் 200 குழந்தைகளைப் பிறப்பிலிருந்து கவனித்து 1996இல் வெளியான ஆய்வு. ரோட்டாவைரஸ் இரண்டு முறை தொற்றிப் போன பிறகு எந்தக் குழந்தைக்கும் மிதமான அல்லது கடுமையான வயிற்றுப்போக்கு வரவில்லை என்றது அது. அப்படியானால் தடுப்பு மருந்து இரண்டு மூன்று தவணை கொடுத்தால் போதும் என்று உலகம் கணக்குப் போட்டது. வேலூரில் கண்டது வேறு. ஆறு மாதம் ஆவதற்குள் பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு, அதாவது 56 சதவீதத்தினருக்கு, தொற்று வந்துவிட்டது. ஒருமுறை வந்த குழந்தைக்கு மறுபடியும் வந்தது. மூன்று முறை தொற்றிய பிறகும், மிதமான, கடுமையான நோயிலிருந்து கிடைத்த பாதுகாப்பு 79 சதவீதம்தான்.

வாய்வழியே கொடுக்கும் தடுப்பு மருந்து இயற்கைத் தொற்றைப் போலி செய்வது. இயற்கைத் தொற்றே முழுக்கக் காப்பாற்றாத இடத்தில் மருந்து மட்டும் எப்படி முழுக்கக் காப்பாற்றும்? மலாவியில் வேறொரு ரோட்டாவைரஸ் மருந்து முதல் வருடத்தில் 49 சதவீதம் அளவுக்கே பயன் தந்தபோது ஆச்சரியப்பட்டவர்கள் உண்டு. டில்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் நம் நாட்டு ரோட்டாவைரஸ் தடுப்பு மருந்தான ரோட்டாவாக் சோதிக்கப்பட்டு, கடுமையான நோய்க்கு எதிராக முதல் வருடத்தில் 53.6 சதவீதம் என்று 2014இல் முடிவு வந்தபோதும் 'பாதிதானா?' என்றார்கள். அப்போதைய மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 78,000 குழந்தைகள் ரோட்டாவைரஸால் இறந்துகொண்டிருந்தார்கள். அதில் பாதி என்பது எவ்வளவு என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். அந்த மருந்துக்கான வைரஸ் வகையை 1980களில் டில்லி எய்ம்ஸில் பச்சிளம் குழந்தைகளிடமிருந்து எடுத்தவர் குழந்தை மருத்துவர் மகராஜ் கிஷன் பான். மருந்து தேசியத் தடுப்பு மருந்துத் திட்டத்தில் நான்கு மாநிலங்களில் நுழைந்தது 2016இல். தமிழ்நாட்டுக்கு 2017இல் வந்தது. முப்பது வருடம்! எந்தப் பதவி உயர்வுக் குழு முப்பது வருடம் காத்திருக்கும்?

வேலூரில் இது முதல் தடவையும் இல்லை. அதே கல்லூரியில் குழந்தை மருத்துவராகவும் வைரஸ் நிபுணராகவும் இருந்த டாக்டர் டி. ஜேக்கப் ஜான், போலியோ சொட்டு மருந்து மேலை நாடுகளில் வேலை செய்த அளவுக்கு நம் குழந்தைகளிடம் வேலை செய்யவில்லை, மூன்று தவணை போதாது என்று 1970களிலேயே சொன்னார். கேட்கக் கசந்த செய்தி அது. வருடத்துக்குப் பல சுற்று சொட்டு மருந்து கொடுத்த பிறகுதான் நாடு 2011 ஜனவரியில், இயற்கை வைரஸால் வந்த தன் கடைசிப் போலியோ நோயாளியைப் பார்த்தது.

இப்போது உங்கள் பதவி உயர்வுப் படிவத்துக்கு வருகிறேன். 2011 கட்டுரையில் ஒரு டஜனுக்கு மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. புள்ளியியலாளர், ஆய்வக விஞ்ஞானிகள், சமூக மருத்துவர்கள், வெளிநாட்டு வைரஸ் நிபுணர்கள். முதல் பெயர் பெரில் பிரிம்ரோஸ் கிளாட்ஸ்டோன். கடைசிப் பெயர் காங். நாடறிந்த தொற்றுநோயியல் ஆசிரியரான ஜெயப்பிரகாஷ் முளியிலின் பெயர் முதல் மூன்றில் இல்லை. இந்த வகை ஆய்வை ஒருவர் தனியாகச் செய்ய முடியாது. முதல் மூன்று பெயருக்கும் தொடர்பு ஆசிரியருக்கும் மட்டும் மதிப்பு என்றால், நடுவில் இருக்கும் இளம் மருத்துவர் என்ன முடிவுக்கு வருவார்? அடுத்த முறை தெருவுக்குப் போக மாட்டார். வார்டில் பத்து நோயாளிகளின் கேஸ் ஷீட்டை எடுத்துத் தனக்கென்று ஒரு கட்டுரை எழுதுவார். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

இன்னொன்று, தோற்றுப்போன கேள்விகள். குடலில் பாக்டீரியா தொற்று இருப்பதால்தான் போலியோ சொட்டு மருந்து சரியாக வேலை செய்வதில்லையோ என்று வேலூர்க் குழுவும் லண்டன் ஆய்வாளர்களும் சேர்ந்து சோதித்தார்கள். குழந்தைகளுக்கு முதலில் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக், பிறகு போலியோ சொட்டு மருந்து. பாக்டீரியா குறைந்தது, சொட்டு மருந்தின் பலன் கூடவில்லை. குழந்தைகளுக்குப் பாட்டில் தண்ணீர் கொடுத்தால் வயிற்றுப்போக்கு குறையுமா என்றும் பார்த்தார்கள். குறையவில்லை. குடிதண்ணீரை மட்டும் சுத்தமாக்கிவிட்டால் எல்லாம் சரியாகும் என்று மேடையில் பேசுகிறவர்களுக்கு இது சங்கடமான செய்தி. குழந்தையின் வாய்க்குக் கிருமி போக வேறு வழிகள் ஏராளம். 'இல்லை' என்று வந்த இந்த விடைகளுக்கும் அதே அலைச்சல், அதே வருடங்கள், அதே காசு. எழுதி முடிக்கும் வரை அந்த இளம் மருத்துவரின் கையில் காட்டுவதற்கு எதுவும் இருக்காது.

நீண்ட நாள் கண்காணிப்புக்கு வேறொரு பயனும் உண்டு. ரோட்டாவைரஸ் மருந்தால் குடல் செருகல் (குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்து அடைத்துக்கொள்வது) வருமோ என்ற பயம் காரணமில்லாமல் வந்ததல்ல. அமெரிக்காவில் 1999இல் ஒரு மருந்தையே அதற்காகத் திரும்பப் பெற்றார்கள். ரோட்டாவாக் சோதனையின் வேலூர்த் தரவைத் தனியாக வெளியிடுங்கள் என்று இங்கே சில மருத்துவர்கள் கேட்டார்கள். கேட்டதில் தப்பு இல்லை, கேட்கத்தான் வேண்டும். பல மாநிலங்களில் 27 மருத்துவமனைகளில் குடல் செருகலோடு வந்த கைக்குழந்தைகளைப் பதிவு செய்து பார்த்து, மருந்துக்கும் அதற்கும் தொடர்பு தெரியவில்லை என்று 2020இல் பதில் வந்தது. மக்களின் சந்தேகத்துக்கு வாய்ச்சொல்லாக இல்லாமல் எண்ணிக்கையாகப் பதில் சொல்ல முடிந்ததற்குக் காரணம், உட்கார்ந்து பதிவேடு எழுத ஆள் இருந்ததுதான்.

வேலூர் கதையை அரசுக் கல்லூரிக்காரர்களிடம் சொன்னால் வரும் பதில் எனக்கு மனப்பாடம். 'அது மிஷன் ஆஸ்பத்திரி சார், அவங்களுக்கு வெளிநாட்டுப் பணம் வருது. நமக்கு ஓ.பி. முடியவே மதியம் ரெண்டு ஆயிடுது.' பணம் பற்றிச் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் 2008இல் தொடங்கப்பட்டு, மருத்துவர்களுக்கும் ஆய்வு நல்கை தரும் 'இந்தியா அலையன்ஸ்' என்ற கூட்டு அமைப்பு இருக்கிறது, மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி மன்றமான ஐ.சி.எம்.ஆர். இருக்கிறது. விண்ணப்பிப்பதற்கான நேரம்தான் இல்லை. கிடைத்தாலும் 'வார்டு டியூட்டியை யார் பார்ப்பது?' என்று துறைத் தலைவர் கேட்பார். அவரையும் நான் குறை சொல்ல முடியாது, நானே அந்த நாற்காலியில் இருந்திருக்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால், தேவையான பாதி அமைப்பை நீங்களே கட்டி வைத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு கல்லூரிக்கும் நகர்ப்புறத்தில் ஒரு சுகாதாரப் பயிற்சி மையம், கிராமப்புறத்தில் ஒன்று என்பது உங்கள் விதி. குடும்பத் தத்தெடுப்புத் திட்டம் என்று கொண்டுவந்து, எம்.பி.பி.எஸ். மாணவர்களை முதல் வருடத்திலிருந்தே கிராமத்துக் குடும்பங்களிடம் அனுப்புகிறீர்கள். மாணவர்கள் பி.பி. பார்க்கிறார்கள், ஹீமோகுளோபின் பார்க்கிறார்கள், நோட்டில் எழுதுகிறார்கள், அந்த நோட்டு மதிப்பெண் போட்ட பிறகு அலமாரிக்குப் போகிறது. அந்தக் குடும்பங்களில் பிறக்கும் குழந்தைகளை, நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடும் பெற்றோரின் சம்மதத்தோடும், பிறப்பிலிருந்து ஐந்து வயது வரை முறையாகப் பின்தொடர ஒவ்வொரு கல்லூரியிலும் ஓர் ஆசிரியரை நியமித்தால் என்ன? எத்தனை நாள் காய்ச்சல், எத்தனை முறை பேதி, எந்த ஆன்டிபயாடிக் யார் சொல்லி வாங்கினார்கள் என்பது மட்டும் எழுதினால்கூடப் போதும். டைபாய்டு நம் நகரக் குழந்தைகளிடம் எவ்வளவு இருக்கிறது என்பதே, வேலூர் உட்பட நான்கைந்து ஊர்களில் குழந்தைகளை வாராவாரம் விசாரித்த பிறகுதான் தெளிவாகத் தெரிந்தது. மதுரையிலும் தேனியிலும் தஞ்சாவூரிலும் எவ்வளவு என்று கேட்டால் மேஜையில் எடுத்து வைக்க நம்மிடம் என்ன இருக்கிறது?

ஆகவே என் கோரிக்கைகள். குறைந்தது மூன்று வருடம் நடந்துவரும் பின்தொடர் ஆய்வில் ஒரு பகுதிக்குப் பொறுப்பேற்றிருக்கும் ஆசிரியருக்கு, கட்டுரை வரும் முன்பே பதவி உயர்வில் அதைக் கணக்கில் எடுங்கள். அவர் பொய் சொல்லாமலிருக்க வெளி மதிப்பீட்டாளர் வருடத்துக்கு ஒருமுறை வந்து பதிவேட்டையும் வீடுகளையும் பார்க்கட்டும். கல்லூரி ஆய்வுக்கு வரும்போது நாற்காலி எண்ணுகிறீர்களே, அதைவிட இது பயனுள்ள வேலை. பல மையங்கள் சேர்ந்த ஆய்வில் பெயர் எத்தனையாவது என்று பார்க்காமல், இன்னார் இன்ன வேலை செய்தார் என்று கட்டுரையிலேயே அச்சாகும் குறிப்பைப் பாருங்கள். ஆய்வு நல்கை பெற்றவருக்கு வாரத்தில் இரண்டு நாள் வார்டிலிருந்து விடுப்பும், அந்த நாட்களுக்கு மாற்று மருத்துவரும் வேண்டும். முனைவர் பட்டத்துக்குப் போகிறவரின் பணிமூப்பு போகக் கூடாது.

களப்பணியாளர்களையும் மறக்க வேண்டாம். அவர்களுடைய நியமனம் உங்கள் அதிகாரத்தில் வராது என்பது தெரியும். திட்டம் முடிந்ததும் வேலையும் முடியும் தற்காலிகச் சம்பளத்தில், நல்ல களப்பணியாளர் இரண்டாவது வருடமே ஜவுளிக் கடைக்குப் போய்விடுகிறார். புதிதாக வருகிறவரை அந்தத் தெரு மறுபடியும் முதலிலிருந்து விசாரிக்கும். கல்லூரிக்கு அனுமதி தரும் நிபந்தனைகளில், பயிற்சி மையத்துக்கு இரண்டு நிரந்தரக் களப்பணியாளர்கள் என்று ஒரு வரி சேர்ப்பது உங்களால் முடியும்.

ஆசிரியர் தகுதி விதிகளை அடுத்த முறை திருத்தும்போது வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்பீர்கள். அந்த வரைவு எழுதப்படும் முன்பே இந்த மடலைப் படியுங்கள் என்று கேட்கிறேன். வேலூரிலும் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலும் இன்று களத்தில் இருக்கும் நாற்பது வயதுக்குக் குறைந்த மருத்துவர்கள் நான்கு பேரையாவது அழைத்து, வரைவுக் குழுவில் உட்கார வையுங்கள். என்னைப் போன்ற ஓய்வுபெற்றவர்கள் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குழந்தை மருத்துவ ஆசிரியர் ஒருவர்