சிறிய கட்சிக்குப் போடும் வாக்கு வீண் வாக்கு அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேர்தல் பேச்சு தொடங்கியதிலிருந்து வேலூர், காட்பாடி வட்டாரத்தில் நான் பேசிப் பார்த்தவர்களில் பலர், யாருக்கு வாக்களிப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை என்கிறார்கள். இரண்டு பெரிய அணிகள் மீதும் அவர்களுக்கு மனக்குறை இருக்கிறது. இரண்டிலும் சேராமல் நிதானமான கருத்துகளுடன் நிற்கும் சிறிய நடுநிலைக் கட்சியின் வேட்பாளரைப் பற்றிக் கேட்டால், நல்லவர் என்று ஒப்புக்கொள்கிறார்கள். "ஆனால் அவர் ஜெயிக்கப் போவதில்லையே, ஓட்டை ஏன் வீணாக்க வேண்டும்?" என்று கேட்டுப் பேச்சை அங்கேயே முடித்துவிடுகிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதிலாகவே இதை எழுதுகிறேன். தொகுதிக்குத் தொகுதி நிலைமை மாறும் என்பதால் எந்தக் கட்சியின் பெயரையும் குறிப்பிடவில்லை. தத்தம் தொகுதியில் அப்படிப்பட்டவர் யார் என்பதை வாசகர்களே அறிவார்கள்.

ஒரு வாக்கின் மதிப்பைத் தமிழ்நாட்டில் வேறு எவரையும்விட வேலூர்க்காரர்கள் நன்றாக அறிந்திருக்க வேண்டும். 2019 ஏப்ரல் 18 அன்று நடக்கவிருந்த வேலூர் மக்களவைத் தேர்தல், வாக்காளர்களுக்குக் கொடுப்பதற்காகப் பதுக்கிவைத்ததாகச் சொல்லப்பட்ட கோடிக்கணக்கான ரூபாய் பிடிபட்டதால், இரண்டு நாள் முன்னதாக ரத்து செய்யப்பட்டது. நாடே நம்மைப் பார்த்து முகம் சுளித்த நாள் அது. ஆகஸ்ட் 5 அன்று மீண்டும் வாக்குப்பதிவு நடந்தபோது, பத்து லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் பதிவான அந்தத் தொகுதியில் வெற்றி வித்தியாசம் 8,141 மட்டுமே. மூன்றாம் இடத்துக்கு வந்த கட்சி அதைப் போல மூன்று மடங்குக்கு மேல் வாக்குகள் வாங்கியிருந்தது. 2021 சட்டமன்றத் தேர்தலில் காட்பாடித் தொகுதியில் பல முறை வென்ற மூத்த தலைவர் ஒருவர் கரையேறியது 746 வாக்குகளில். இவ்வளவு நெருக்கமாக முடியும் ஊரில், சில ஆயிரம் பேர் சேர்ந்து ஒரு பக்கம் சாய்ந்தால் அடுத்த தேர்தலுக்குள் இரு பெரிய கட்சிகளும் அந்தச் சில ஆயிரம் பேரைத் தேடி வந்தே தீர வேண்டும். ஜெயிக்கும் கட்சிக்கு ஏற்கெனவே உள்ள குவியலில் நம் வாக்கையும் போட்டால், அதை நம்முடையது என்று அடையாளம் கண்டுபிடிக்க ஒருவராலும் முடியாது.

அப்படியானால் நோட்டாவை அழுத்திவிடலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் 2013 முதல் நமக்குக் கிடைத்த உரிமை அது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நோட்டாவுக்கு எத்தனை வாக்கு விழுந்தாலும், வேட்பாளர்களில் அதிக வாக்கு பெற்றவரே வெற்றி பெற்றவர். வாக்கு எண்ணிக்கை முடிந்ததும் வாக்குச்சாவடி வாரியாக ஒவ்வொரு வேட்பாளரும் பெற்ற வாக்குகளைக் காட்டும் படிவம் 20 வெளியாகிறது. அதை வரிவரியாகப் படிப்பவர்கள் கட்சிக்காரர்கள்தாம். உங்கள் தெருவின் பள்ளிக்கூடச் சாவடியில் சிறிய கட்சிக்கு நூற்றைம்பது வாக்கு விழுந்திருந்தால், அந்த நூற்றைம்பது பேர் எதற்காக அங்கே போனார்கள் என்று கேட்க அடுத்த முறை ஆள் வரும். சிறிய கட்சியும் அந்தத் தெருவில் ஒரு கிளையைத் தொடங்கும். நோட்டாவுக்கு விழுந்த நூற்றைம்பதைக் கேட்டு வர ஒருவரும் இல்லை.

நடுநிலை என்று நான் சொல்வது எதிலும் கருத்துச் சொல்லாமல் நழுவுவதை அன்று. நம் பாலாற்றையே எடுத்துக்கொள்வோம். தோல் தொழிற்சாலைக் கழிவால் நிலமும் கிணறும் கெட்டதைப் பற்றி வேலூர் மக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டத்தில் நிலைநிறுத்திய தீர்ப்பு என்று சட்ட மாணவர்கள் இன்றும் படிப்பது அதைத்தான். ஏறத்தாழ முப்பது ஆண்டு கழித்து, 2025 ஜனவரியில், அதே பாலாற்றுக்காக, அதே இழப்பீட்டுக்காக, உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்புச் சொல்லிக் கண்காணிக்க ஒரு குழுவையும் அமைக்க நேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் ஆட்சிகள் மாறி மாறி வந்தன. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டில் தோல் தொழிலை நம்பி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாழ்கின்றன. ஆற்றோரத்தில் தென்னையும் நெல்லும் வைத்தவர்கள் உப்பேறிய நிலத்தோடு நிற்கிறார்கள். தொழிலாளர் கூட்டத்தில் ஒரு பேச்சு, விவசாயிகள் கூட்டத்தில் வேறொரு பேச்சு என்றே இத்தனை காலம் கேட்டுப் பழகிவிட்டோம். ஆலையும் ஓட வேண்டும், அதன் கழிவுநீர் ஒரு சொட்டும் ஆற்றில் சேரக் கூடாது, அதற்கான செலவில் ஆலை முதலாளி இவ்வளவு, அரசு இவ்வளவு என்று இரண்டு கூட்டத்திலும் ஒரே பேச்சைப் பேசும் துணிவுள்ள கட்சியையே நான் நடுநிலைக் கட்சி என்கிறேன். பெரிய கட்சிகளால் அது முடியாமல் போவதற்குக் காரணம் கெட்ட எண்ணம் என்று நான் சொல்லமாட்டேன். இரு தரப்பிலும் இழக்க அவர்களுக்கு நிறைய இருக்கிறது.

சிறிய கட்சிகளால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு, வேலூரையும் உள்ளடக்கியிருந்த பழைய வட ஆற்காடு மாவட்டமே ஒரு பதில் வைத்திருக்கிறது. 1952 தேர்தலில் சென்னை மாநிலத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. பெரும்பான்மை இல்லாத அந்த நிலையில் ராஜாஜி அமைத்த அரசுக்குக் கைகொடுத்தவர்களில் ஒருவர், வட ஆற்காடு, செங்கல்பட்டுப் பகுதிகளில் வேரூன்றியிருந்த காமன்வீல் கட்சியின் தலைவர் மாணிக்கவேலு நாயக்கர். ஆறே உறுப்பினர்கள், ஆனால் தலைவர் அமைச்சரானார். அக்கட்சி ஒரு சமூகத்தின் ஆதரவில் நின்ற கட்சி, இன்று நான் விரும்பும் வகையும் அன்று. அது இரண்டு ஆண்டுகளிலேயே கலைக்கப்பட்டும் விட்டது. வேட்பாளரிடம் வாக்காளர் முதலில் கேட்க வேண்டியதும் அதைத்தான்: நாங்கள் தனித்து நிற்கும் கட்சி என்று நம்பிப் போடும் வாக்கை, தேர்தல் முடிந்ததும் யாரோடாவது போய்ச் சேருவதற்கு விலையாக வைப்பீர்களா? இதற்கு மழுப்பாமல் பதில் சொல்லாதவருக்கு வாக்களிக்க வேண்டாம் என்பதை நானே முன்னின்று சொல்வேன்.

வாக்கைப் பிரித்தால் நமக்கு அறவே பிடிக்காதவர் வந்துவிடுவாரே என்ற அச்சத்தை நான் மதிக்கிறேன். காட்பாடியின் 746 அந்த அச்சத்துக்கும் இடம் தருகிறது. ஒருவர் வந்தால் ஊருக்கே கேடு என்று உறுதியாக நம்புகிறவர் அவரைத் தடுக்க வாக்களிக்கட்டும். அவர் முடிவெடுக்காதவர் அல்லர். இருவரில் யார் வந்தாலும் பெரிய வேறுபாடு இல்லை என்று சொல்லிக்கொண்டே, அந்த இருவரில் ஒருவருக்கு வாக்களித்துவிட்டு வருகிறவர்களிடம்தான் நான் பேசுகிறேன். வேறுபாடு இல்லையென்றால் வாக்கு பிரிவதால் அவர்களுக்கு இழப்பும் இல்லை.

உள்ளாட்சித் தேர்தலில் இந்த அச்சத்துக்கு இன்னும் குறைவாகவே இடம் இருக்கிறது. வேலூர் மாநகராட்சியின் 60 வார்டுகளிலும் தெருவிளக்கு, குடிநீர், கால்வாய் அடைப்பு என்று தெரிந்த முகத்தை வைத்தே வாக்குகள் விழுகின்றன. சிறிய கட்சி உண்மையிலேயே வெல்லக்கூடிய இடம் அதுதான். வென்றவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை நாம் தினமும் பார்த்துக்கொள்ளவும் முடியும்.

தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். வேட்பாளர் அறிமுகப் பக்கத்தில் பெரிய அணிகளின் வேட்பாளர்களுக்குத் தரும் இடத்தைச் சிறிய கட்சியினருக்கும் தாருங்கள். பாலாற்றைப் பற்றிய ஒரே கேள்வியை எல்லோரிடமும் கேட்டு, விடைகளை அருகருகே அச்சிடுங்கள். முடிவெடுக்காதவர்கள் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.

தங்கள் உண்மையுள்ள,
வாசகர் ஒருவர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்