வெம்பிளியில சைக்கிள் மிதிச்சனான்

மச்சான்,

எப்பிடி இருக்கிறாய், பிள்ளையள் சுகமோ? இஞ்ச பரந்தனில காலபோக விதைப்பு முடிஞ்சுது, இனி மழையப் பாத்துக்கொண்டு இருக்கிறம். போனில சொல்லியிருக்கலாம், ஆனா இதை உனக்கு ஆறுதலா இருந்து எழுதவேணும் எண்டு லண்டனில நிக்கேக்கையே நினைச்சிட்டன்.

ஆவணியில அக்காட்ட போய் நிண்டனான்தானே, அப்ப மருமகள் ரிக்கெற் எடுத்து என்னை வெம்பிளி ஸ்ரேடியத்துக்கு கோல்ட்பிளே எண்ட இங்கிலீஸ் பாட்டுக்குழுவின்ர நிகழ்ச்சி பாக்கக் கூட்டிக்கொண்டு போனவள். 2025 இல அதே மைதானத்தில பத்து நாள் நடத்தினவங்கள் மச்சான். மேல 133 மீற்றர் உயரத்தில ஒரு வளைவு, கீழ எங்க பாத்தாலும் தலை. உள்ள போகேக்க ஆளுக்கொரு கைப்பட்டி தாறாங்கள், இருட்டினாப்பிறகு பாட்டுக்கு ஏத்தமாதிரி எல்லாற்ற கையிலயும் ஒரே நேரத்தில லைற் பத்துது, இரணைமடு வயலில மின்மினி அடைஞ்ச மரம் பாத்திருக்கிறாய்தானே, அந்த மரம் ஸ்ரேடியம் அளவுக்கு வளந்தா எப்பிடி இருக்கும், அப்பிடி. போகேக்க அதைத் திருப்பிக் குடுக்கவேணும், எந்த ஊர்ச் சனம் எவ்வளவு திருப்பிக் குடுத்தது எண்டு திரையில வேற போடுறாங்கள்.

ஆனா நான் எழுத வந்தது சைக்கிளைப் பற்றி. கீழ ஒரு பக்கத்தில ஓடாத சைக்கிள் கொஞ்சம் நிறுத்தி வச்சிருக்கிறாங்கள், விரும்பின ஆக்கள் ஏறி மிதிக்கலாம், அந்தக் கரண்டு பற்றறியில ஏறி நிகழ்ச்சிக்கே பாவிக்கிறாங்களாம். துள்ளினாக் கரண்டு வாற தரையும் இருக்கு. பற்றறி பிஎம்டபிள்யூ கரண்டுக் காருகளின்ர பற்றறியாம். மருமகள் சொல்லச் சொல்ல எனக்கு கந்தபுரம்தான் கண்ணுக்குள்ள வந்தது.

1997, சண்டையால கிளிநொச்சியை விட்டு இடம்பெயந்து கொட்டிலில இருந்த காலம். பற்றறி தடை, மண்ணெண்ணெய் ஆனைவிலை, ஜாம் போத்தல் விளக்குத்தான். சைக்கிளைக் கவிட்டு வச்சு நீ பெடலைக் கையால சுத்த, டைனமோ ரயரில உரஞ்சி கிர்ர் எண்ட, றேடியோ திருத்திற அண்ணை டயோட் வச்சுப் பூட்டித்தந்த வயரில பிபிசி தமிழோசை வரும். கை உழைஞ்சு கொஞ்சம் மெதுவாச் சுத்தினாச் சத்தம் அமிஞ்சு போகும், உடன கொட்டில் முழுக்க "சுத்தடா சுத்தடா" எண்டு கத்தும். செய்தி முடிஞ்சு ஒரு பாட்டுக்காக எண்டு ரெண்டுபேரும் மாறி மாறி சுத்தியிருக்கிறம், ஒரு பாட்டையாவது முழுசாக் கேட்டமோ எண்டு தெரியேல்ல.

அண்டைக்கு நானும் ஏறி மிதிச்சன் மச்சான். பக்கத்தில ஒரு வெள்ளைக்காரப் பெட்டை சிரிச்சுக்கொண்டு மிதிக்கிறாள், நான் விடாம மிதிக்கிறன், நான் நிப்பாட்டினாப் பாட்டு நிண்டிடும் எண்டு உடம்பு நம்புது. மூச்சு வாங்கிக் கடைசியா காலை எடுத்தன். பாட்டு நிக்கேல்ல. கொஞ்சமும் அமியேல்ல, அவ்வளவு சனமும் சேந்து பாடிக்கொண்டே இருக்குது. அப்பதான் அழுகை வந்தது, மருமகள் பயந்துபோய் தண்ணி தந்தவள்.

வெளிய வாறதையும் சொல்லவேணும். ஸ்ரேசனுக்குப் போற பெரிய பாதையில சனத்தைக் கொஞ்சம் கொஞ்சமா மறிச்சு மறிச்சு விடுறாங்கள், ஒருத்தரும் தள்ளேல்ல. 2024 மாசியில யாழ்ப்பாணம் முத்தவெளியில நடந்த பாட்டு நிகழ்ச்சியில தடுப்பு உடைஞ்சு சனம் மேடைப்பக்கம் ஏறினதை நினைச்சன். எங்கட சனத்துக்கும் பாட்டு ஆசை கிடக்கு மச்சான், கனகாலம் கிடைக்காத ஆசை, அதுக்கு ஒழுங்கான பாதையும் வாசலும் போட்டுக் குடுக்கவேணும்.

நாங்கள் சுத்தின அந்தச் சைக்கிள் 2009 இல கடைசிச் சண்டையில மாத்தளனில விட்டதோட போச்சு. றேடியோ எங்கட வீட்டதோ உங்கட வீட்டதோ எண்டு மட்டும் எவ்வளவு யோசிச்சும் எனக்கு வருகுதில்ல. உனக்கு ஞாபகம் இருந்தா எழுது.

அன்புடன்
உன்ர பரந்தன் கூட்டாளி