அத்தை கேட்டால் என்ன சொல்லட்டும்?

அம்மாடி மீனா,

இங்கே எல்லாரும் நலம். உங்கம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. மாடிக் குழாயை ஒருவழியாக மாற்றியாயிற்று.

வாடிப்பட்டி அத்தை நேற்றும் போன் செய்தாள். "மீனா அடுத்து என்ன செய்யப் போறா?" அதே கேள்வி. சித்திரைத் திருவிழாவில் உன்னிடம் கேட்டதுதான். எதிர்சேவைக்கு மூன்றுமாவடி கிளம்பி எல்லாரும் வாசலில் நிற்கும்போது, "பார்க்கலாம் அத்தை" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாய். மறுநாள் அழகர் ஆற்றில் இறங்கியதைக்கூட டிவியில்தான் பார்த்தாய். மதுரைக்காரிக்கு இது அடுக்குமா?

அன்றிலிருந்து நீ சொல்ல வேண்டிய பதிலை நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அத்தையிடம் பிரமோஷன் வரப்போகிறது என்றேன். பெரியப்பாவிடம் குரூப் 1 பரீட்சைக்குப் படிக்கிறாள் என்றேன். பூக்காரக்காவிடம் என்ன சொன்னேன் என்பது மறந்தே போயிற்று. ஆவணியில் காதுகுத்துக்கு எல்லாரும் ஒரே பந்தியில் உட்காரப் போகிறார்கள்.

பெரியப்பா விடுவாரா? நம்மவர்கள் 39 வயது வரை எழுதலாமாம், மெயின்ஸ் 750 மார்க்காம், நேர்முகத்துக்கு 100-ஆம். புது நத்தம் ரோட்டில் 2023-இல் திறந்தார்களே, கலைஞர் நூலகம், அங்கே வந்து படிக்கச் சொல்கிறார். நீ கேட்காததற்கெல்லாம் அவரிடம் பதில் இருக்கிறது. எதிர்வீட்டுப் பையன் இலந்தைக்குளம் எல்காட் ஐ.டி. பார்க்கில் வேலைக்குப் போகிறான், சாயங்காலம் வீட்டில் இருக்கிறான். சும்மா சொன்னேன். நேரத்துக்குச் சாப்பிடு.

நான் மில் ஆபீஸில் இருந்தபோது, ஆள் எடுக்கிற நாளில் மேனேஜர் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெழுதுவது என் வேலை. "அஞ்சு வருஷம் கழிச்சு எங்கே இருப்பே?" என்று எல்லாரிடமும் கேட்பார். "சாகிற வரைக்கும் இங்கேதான் சார்" என்று சொன்ன எவனையும் அவர் நம்பியதில்லை. திருமங்கலத்துப் பையன் ஒருவன், "நூல் நூக்கிற ரிங் பிரேம் மெஷினை முழுசாக் கழட்டி மாட்டப் பழகிட்டு, ஊர்ல சொந்தமா ஒர்க்‌ஷாப் போடணும் சார்" என்றான். நான் தலையில் அடித்துக்கொண்டேன். மேனேஜர் அவனை அன்றைக்கே எடுத்துக்கொண்டார். போகிறவன் என்று தெரிந்தேதான் எடுத்தார். இருக்கிற வரைக்கும் விழுந்து விழுந்து கற்றுக்கொள்வான் என்றார். அப்படியே நடந்தது.

அதனால் சொல்கிறேன், யார் கேட்டாலும் பெரிய பதவிப் பெயரைச் சொல்லி மாட்டிக்கொள்ளாதே. அடுத்து எதைக் கற்றுக்கொள்ளப் போகிறாய் என்று சொல். விட்டு வந்த இடத்தைக் குறை சொல்லாதே. நடுவில் சில மாதம் வேலை இல்லாமல் இருந்தால் அதை மறைக்காதே, அந்த நாளில் என்ன படித்தாய் என்று நிமிர்ந்து சொல். பொதுவாகத்தான் சொல்கிறேன்.

தியாகராசர் காலேஜில் உனக்கு இடம் கிடைத்தபோது நம் தெருவில் நான் நடந்த நடையை உங்கம்மா இன்னும் நடித்துக் காட்டுகிறாள். அந்தப் பெருமையில் இன்றுவரை எதுவும் குறையவில்லை. ஆனால் அவ்வளவு படித்தவளுக்கு அப்பனிடம் நாலு வார்த்தை சொல்ல வரவில்லையே என்றும் இருக்கிறது.

முன்பெல்லாம் பகலில் போன் செய்தால் "மீட்டிங்கில் இருக்கேன்பா" என்று மெசேஜ் வரும். இப்போது திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குக் கூப்பிட்டாலும் முதல் மணியிலேயே எடுக்கிறாய். எடுப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். திருவிழாவுக்கு வந்தபோதும் ஆபீஸ் பையைக் காணோம், காலேஜில் வாங்கிய பழைய லேப்டாப்தான் இருந்தது. உங்கம்மா கவனிக்கவில்லை. நான் சொல்லவும் இல்லை.

அத்தைக்கு என்ன சொல்வது என்று ஒரு வரி எழுதி அனுப்பு. பொய்யாக இருந்தாலும் சரி, எல்லாரும் ஒரே பொய்யைச் சொல்வோம். எனக்கு மட்டும் உண்மையைத் தனியாக எழுது. போனில் வேண்டாம், உங்கம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். நேரத்துக்குச் சாப்பிடு, இரவில் கண் விழிக்காதே.

அப்புறம், இந்த மாதம் வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டாம். அடுத்த மாதமும் வேண்டாம். இங்கே செலவு ஒன்றும் இல்லை. உன் ரூம் வாடகை ஐந்தாம் தேதிதானே? நாலாம் தேதி உன் கணக்கைப் பார்.

அப்பா