வாசல் இல்லாதவர்களையும் மருத்துவம் தேடி வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வாங்க ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பேருந்து ஏறிய பெண்களைச் சுகாதார செவிலியராக என் பணிக்காலம் முழுவதும் பார்த்தவள் என்பதால், அதன் அருமை எனக்கு நன்றாகத் தெரியும். இன்று மருந்து வீட்டு வாசலுக்கே வருகிறது. வாசலே இல்லாமல் பேருந்து நிலையத்திலும் மூடிய கடைகளின் திண்ணையிலும் படுத்திருப்பவர்களுக்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சென்ற ஐப்பசி மழையின்போது, அறுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவரைப் பேருந்து நிலையத்துத் தூணோரம் பார்த்தேன். வலது பாதத்தில் சர்க்கரைப் புண். சுற்றியிருந்த கட்டு சேற்றில் ஊறி, ஓரமெல்லாம் பச்சை படிந்திருந்தது. சில வாரங்களுக்கு முன்புதான் ஒரு மருத்துவமனையில் பத்து நாள் வைத்திருந்து, புண்ணை முறையாகச் சுத்தம் செய்து, ஒரு மாத மாத்திரையும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். “காலை நனைக்காதீங்க, ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாத்துங்க, நேரத்துக்குச் சாப்பிடுங்க” என்று சொல்லியும் அனுப்பினார்களாம். தலைமாட்டில் இருந்த காகித உறையைப் பிரித்தபோது, மாத்திரைகள் மழையில் கரைந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. சீட்டில் முகவரி எழுத வேண்டிய இடத்தில் “பேருந்து நிலையம்” என்றிருந்தது. அந்த மருத்துவர்கள் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். ஆறாத காலோடு அவர் எங்கே போய்ப் படுப்பார் என்று கேட்பது மட்டும் யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை.

அதன்பின் நடந்தது மிக எளிது. பூக்கடை அம்மா ஒருவர் மாத்திரைகளைத் தம் தகரப் பெட்டியில் வாங்கி வைத்துக்கொண்டு வேளைக்கு எடுத்துக் கொடுத்தார். உணவு விடுதிக்காரர் ஒருவர் பின்கட்டில் படுக்க இடம் தந்து, இரண்டு வேளைச் சாப்பாடும் போட்டார். கட்டு மாற்றும் பொறுப்பை நான் ஏற்றேன். மூன்று மாதத்தில் புண் ஆறியது. இப்போது அவர் ஒரு வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழித்துக் கொடுக்கிறார். சாப்பாட்டுக்கு அவரே காசு தருகிறார்.

2013-இல் வந்த நகர்ப்புற வீடற்றோர் காப்பகத் திட்டம், நகர மக்கள்தொகையில் லட்சம் பேருக்குக் குறைந்தது நூறு பேர் தங்கும் காப்பக வசதி என்று கணக்கு வைத்தது. 2011 கணக்கெடுப்பில் கிருஷ்ணகிரி, தருமபுரி ஆகிய இரு நகரங்களுமே லட்சத்தை எட்டவில்லை. ஆனால் சென்னை, பெங்களூரு, சேலம் சாலைகள் கூடும் எங்கள் ஊரில், வேலை தேடி வந்து திரும்ப வழியில்லாமல் தங்கிவிட்டவர்களும், லாரியில் ஏறி வந்து எங்கோ இறங்கிவிட்டவர்களும் பெரும்பாலும் எந்தத் தலைக்கணக்கிலும் சேர்வதில்லை. ஆகவே மக்கள்தொகையைப் பாராமல், மருத்துவமனையை ஒட்டியே, உடல் தேறும்வரை தங்கவும் கட்டு மாற்றிக்கொள்ளவும் சில படுக்கைகளாவது வேண்டும். காசநோய்க்கு ஆறு மாதம் விடாமல் மருந்து சாப்பிட வேண்டியவருக்கும் அத்தகைய இடமே துணை.

அடுத்தது அடையாள அட்டைகள். முதியோர் உதவித்தொகை 2023-இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீடும் இருக்கிறது. குடும்ப அட்டையும் முகவரிச் சான்றும் இல்லாத ஒருவருக்கு இவை இரண்டுமே எட்டாக் கனி. ஆனால் வாக்காளர் பட்டியலுக்கு மட்டும் தேர்தல் ஆணையம் நல்ல வழியொன்றை வைத்திருக்கிறது. வீடற்றவர் தாம் படுக்கும் இடத்தைச் சொன்னால், வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் நேரில் போய், அவர் அங்கேதான் உறங்குகிறார் என்று உறுதி செய்துகொள்வார். இருப்பிடத்துக்கு வேறு சான்று தேவையில்லை. ஓட்டுக்கு ஒப்புக்கொள்ளும் அதே சான்றை உதவித்தொகைக்கும் மருந்துக்கும் வருவாய்த் துறை ஏன் ஒப்புக்கொள்ளக் கூடாது?

மனநலம் குன்றித் தெருவில் திரிவோருக்கு, 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இலவச சிகிச்சையை உரிமையாகவே தந்திருக்கிறது. காணாமல் போனவர் என்று வழக்குப் பதிந்து குடும்பத்தைத் தேடும் கடமையைக் காவல் நிலையத்துக்கும் விதித்திருக்கிறது. சென்னையில் 1993 முதல் இயங்கும் பான்யன் அமைப்பு, தேறியும் போக இடமில்லாதவர்களைச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடுகளில் சிறு குழுக்களாகக் குடியமர்த்தித் துணைக்கும் ஆள் வைத்திருக்கிறது. தாமே கடைக்குப் போய்க் காய் வாங்கிச் சமைத்துச் சாப்பிடும் அந்த வாழ்க்கை, பூட்டிய விடுதிக்குள் ஒருபோதும் கிடைக்காது.

மாவட்ட ஆட்சியரையும் சுகாதாரத் துறையினரையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலர் ஒருவர், வாரம் ஒரு மாலை, கடைகள் மூடும் நேரத்தில், பேருந்து நிலையத்துக்கு மருந்துப் பையோடும் பதிவேட்டோடும் வர வேண்டும். அந்தப் பெரியவரின் மாத்திரைகள் இன்றும் பூக்கார அம்மாவின் தகரப் பெட்டியில்தான் இருக்கின்றன. அவர் கடை திறக்காத நாளில் இவருக்கு மருந்து இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுகாதார செவிலியர்,
கிருஷ்ணகிரி.