மாடிப்படி கட்டாமல் மணல் கொடுத்த மாமாவுக்கும் மற்றவர்களுக்கும்

அனைவருக்கும் வணக்கம்.

நீளம் தாண்டுதல் போட்டிகளில் இருந்து விலகிவிட்டேன் என்பது இதற்குள் பலருக்குத் தெரிந்திருக்கும். பதக்கங்களைப் பற்றி வேண்டிய அளவு பேசியாகிவிட்டது. மேடையில் பேர் சொல்லாமல் விட்டவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில் எங்கள் பி.டி. டீச்சர். 2003-இல் பாரிஸ் உலகப் போட்டியில் அஞ்சு பாபி ஜார்ஜ் 6.70 மீட்டர் தாண்டி வெண்கலம் வாங்கிய செய்தியை வெட்டி, பந்து வைக்கும் அறைக் கதவில் ஒட்டியவர். அடுத்த வருஷம் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அஞ்சு 6.83 தாண்டியதும், டேப்பால் அளந்து மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டார். "இவ்வளவு தூரத்தையும் ஒரு பொம்பளைப் பிள்ளை ஒரே தாவில் தாண்டியிருக்கா" என்றார். அந்தத் தூரத்தை நான் கடைசி வரை தொடவில்லை. இருபது வருஷமாகியும் நம் நாட்டில் எந்தப் பெண்ணும் தொடவில்லை, அதில் ஒரு சின்ன ஆறுதல்!

அப்போது பள்ளியில் தாண்டக் குழியே கிடையாது. மன்னார்குடிப் பக்கத்துக் களிமண்ணைத்தான் தெரியுமே, கோடையில் பாறை, ஐப்பசியில் சேறு. எதிர்வீட்டு மாமா தன் வீட்டு வேலைக்கு இறக்கியிருந்த ஆற்று மணலில் பாதியைத் தூக்கிக் கொடுத்தார். அந்த வருஷம் அவர் வீட்டு மாடிப்படி கட்டாமலே நின்றது. அதற்காக அத்தையிடம் அவர் வாங்கிய வசவு தனிக்கதை. கொத்தனார் அண்ணன் சல்லடையை நிறுத்தி, கிளிஞ்சலும் கூழாங்கல்லும் போகச் சலித்துத் தந்தார். ஆசாரி தாத்தா 20 சென்டிமீட்டர் அகலத்தில் பூவரசம் பலகை இழைத்து, வெள்ளை பெயிண்ட் அடித்துப் பதித்தார். அதைத் தாண்டிக் கால் பட்டால் ஃபவுல் என்றதும், "அப்ப இன்னும் அகலமாப் போட்டுடவா பாப்பா?" என்று கேட்டவர் அவர்தான். ஒவ்வொரு தாவலுக்கும் பிறகு, களத்தில் நெல் தள்ளும் பலகையால் மணலைச் சமன்படுத்தியது ஜூனியர் பிள்ளைகள். அடைமழையில் குழி நிரம்பினால் வாளியால் இறைத்ததும் அவர்களே.

அப்புறம் தஞ்சாவூர் அன்னை சத்யா விளையாட்டரங்கத்தில் பயிற்சி தந்த கோச். கபடிக்குப் பேர்போன வடுவூரில் இருந்து அதே பஸ்ஸில் வந்துபோன அண்ணன்கள். நீங்கள் கூட இருந்ததால்தான் இருட்டிய பிறகு என்னை அனுப்ப அம்மா சம்மதித்தார்.

ஒருவருக்கு நேரில் நன்றி சொல்ல வாய்க்கவே இல்லை. மாநிலப் போட்டியில் எனக்கு முதல் இரண்டு தாவலும் ஃபவுல். மூன்றாவதும் போனால் முதல் எட்டுப் பேரில் வர முடியாது, மிச்ச மூன்று வாய்ப்பும் கிடையாது. சேலத்தில் இருந்து வந்திருந்த ஒரு அக்கா, என்னோடு போட்டியிட்டவர், பக்கத்தில் வந்து, "காத்து இப்ப முதுகுக்குப் பின்னாடி இருந்து வருது. ஓட ஆரம்பிக்கிற அடையாளத்தை ஒரு பாதம் பின்னாடி வை" என்றார். வைத்தேன். தங்கம் எனக்கு, வெள்ளி அவருக்கு. இதைப் படித்தால் ஒரு வார்த்தை எழுதுங்கள், அக்கா.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நான் பயிற்சி முகாமில் இருந்தேன். வீட்டுக்கு ஃபோன் போகவில்லை. கூடப் படித்தவர்கள் போய்க் கூரைக்குத் தார்ப்பாய் கட்டிவிட்டுத்தான் எனக்குத் தகவலே சொன்னார்கள். அவர்கள் வீட்டிலும் தென்னை சாய்ந்துதான் கிடந்தது.

விட்டுப்போனவர்கள் பொங்கலுக்கு நான் வரும்போது நேரில் திட்டலாம். என் ஸ்பைக் ஷூ இரண்டு ஜோடியைப் பள்ளியில் கொடுத்திருக்கிறேன். அளவு ஆறு. கால் பொருந்துகிற பிள்ளைகள் சாரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.